சொட்டு கிட், பேனா மீட்டர், ஆன்லைன் பேனல்: அபார்ட்மென்ட் தண்ணீரை எதை வைத்து அளப்பது?

சென்னை அடுக்ககத்துச் சம்பில் இருப்பது ஒரு தண்ணீர் அல்ல. மெட்ரோ வாட்டர் கொஞ்சம், போர் தண்ணீர் கொஞ்சம், கோடை வந்துவிட்டால் எந்தக் கிணற்றிலிருந்து வந்தது என்றே தெரியாத லாரித் தண்ணீர். அதனால் அளந்து பார்க்க வேண்டும் என்பதில் எந்த அசோசியேஷனிலும் தகராறு இல்லை. எதை வைத்து அளப்பது என்பதில்தான் கூட்டம் நீளும். சொட்டு விட்டு நிறம் பார்க்கும் கிட் போதும் என்பார் பழைய செயலாளர். பேனா மீட்டர் என்பார் இளைஞர். பம்ப் ரூம் சுவரில் எண் ஓடும் ஆன்லைன் பேனல் என்பார் விற்க வந்தவர்.

மூன்றையும் ஒப்பிடும்போது கேட்லாகில் போட்டிருக்கும் துல்லியத்தை நான் கடைசியில்தான் பார்ப்பேன். இதை யார் கழுவுவார், யார் காலிபரேட் செய்வார் (அளவு தெரிந்த கரைசலில் விட்டு எண்ணைச் சரிசெய்வார்) என்பதுதான் முதல் கேள்வி. அதற்குப் பதில் இல்லாத கருவி எவ்வளவு விலையானாலும் வெறும் அலங்காரம்.

முதலில் டிடிஎஸ், அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்தம். இதில் பேனாவுக்குப் போட்டியே இல்லை. சில நூறு ரூபாயில் கிடைக்கிறது, கேட்டில் நிற்கும் செக்யூரிட்டி அண்ணனே லாரி வால்வைத் திறக்கும் முன் ஒரு டம்ளரில் பிடித்துப் பார்த்துவிடலாம். இந்தியக் குடிநீர்த் தரமான ஐஎஸ் 10500-ன்படி லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு வழியே இல்லையென்றால் 2000 வரை. ஒரே தண்ணீரில் இரண்டு பேனாக்கள் இரண்டு எண் காட்டினால் பதற வேண்டாம். இரண்டும் அளப்பது மின் கடத்துதிறனைத்தான். அதை 0.5-ஆல் பெருக்கினால் ஒரு டிடிஎஸ், 0.7-ஆல் பெருக்கினால் வேறொரு டிடிஎஸ். கடத்துதிறன் 1413 மைக்ரோசீமென்ஸ் என்று தெரிந்தே விற்கப்படும் கரைசல் ஒரு பேனாவில் 706 என்றும் இன்னொன்றில் 989 என்றும் வரலாம், இரண்டுமே சரி. ஆகவே ஒரே பேனாவை வைத்துக்கொண்டு அதன் எண்களை மட்டும் ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். காலிபரேஷனுக்கு அதே 1413 கரைசல் போதும். முதலில் கொஞ்சம் ஊற்றி நுனியை அலசிக் கொட்டிவிட்டு, புதிதாக ஊற்றி அளக்க வேண்டும். அளந்ததைத் திரும்ப பாட்டிலில் ஊற்றினால் பாட்டில் முழுவதும் கெட்டது.

ஆன்லைன் பேனல் தன் விலைக்கு நியாயம் செய்யும் ஓர் இடம் உண்டு: பொது ஆர்ஓ பிளான்ட்டின் வெளிவாய். அதில் உப்பை வடிகட்டும் மெம்பிரேன் ஒரே நாளில் கெடாது. வாரத்துக்கு வாரம் எண் மெல்ல ஏறும், அதைப் பிடிக்க இடைவிடாத அளவீடு உதவும். கடத்துதிறனை அளக்கும் சென்சாரும் முரட்டுச் சாதனம், இரண்டு மின்முனைகள், அவ்வளவுதான். அங்கே 1413-ஐ விட 84 மைக்ரோசீமென்ஸ் கரைசலில் சரிபார்ப்பது நல்லது, ஏனென்றால் வெளிவரும் தண்ணீர் அந்த அளவை ஒட்டித்தான் இருக்கும். ஆனால் இந்த 84 கரைசல் விரல் பட்டாலே மாறிவிடும், திறந்த பாட்டிலை மாதக்கணக்கில் வைத்திருக்கக் கூடாது.

(இரண்டு இரும்புக் கம்பியை விட்டு மின்சாரம் பாய்ச்சி உங்கள் தண்ணீரைப் பழுப்பாக்கிக் காட்டிப் பயமுறுத்துகிறவர் வந்தால் வாசலிலேயே அனுப்பிவிடுங்கள். அந்தப் பழுப்பு கம்பியிலிருந்து கரைந்த இரும்பு.)

அடுத்தது கடினத்தன்மை. “சாஃப்ட்னர் போட்டும் டிடிஎஸ் குறையலையே” என்று எல்லாக் குடியிருப்பிலும் ஒருவர் கேட்பார். குறையாது. சாஃப்ட்னர் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் எடுத்துக்கொண்டு அந்த இடத்தில் சோடியத்தை விடுகிறது. உப்பின் மொத்தம் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும், பேனாவுக்கு வித்தியாசம் தெரியாது. இங்கே சொட்டு கிட்தான். ஒயின் சிவப்பு நீலமாகும் வரை சொட்டுகளை எண்ண வேண்டும். பம்ப் ரூமின் மஞ்சள் பல்பில் பார்க்காமல் வெளிச்சத்துக்கு எடுத்து வந்து பாருங்கள். காலிபரேஷன் கிடையாது, ரசாயனத்தின் காலாவதித் தேதிதான் காலிபரேஷன்.

பிஎச்சுக்கு (தண்ணீர் அமிலமா காரமா என்று சொல்லும் எண், 7 என்றால் நடுநிலை) வருவோம், உண்மையான சண்டை இங்கேதான். பேனாவிலும் பேனலிலும் வேலை செய்வது ஒரே பொருள்: மெல்லிய கண்ணாடிக் குமிழ். அது உலரக் கூடாது, ஆர்ஓ தண்ணீரில் ஊறவும் கூடாது. 3 மோலார் பொட்டாசியம் குளோரைடு கரைசலில் நனைந்தே இருக்க வேண்டும். பேனா மூடியைச் சுற்றி வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் கழுவிவிட்டால் போதும், உள்ளே ஈரம் இருந்தது என்பதற்கு அடையாளம் அது. மேலே படிவது சுண்ணாம்பு என்றால் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம், எண்ணெய்ப் பிசுக்கு என்றால் சோப்புத் தண்ணீர். பிறகு உப்புக் கரைசலில் ஊறவைத்துவிட்டுத்தான் பஃபரில் (பிஎச் எண் முன்பே தெரிந்த கரைசலில்) விட வேண்டும். துணியால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள்.

விலை குறைந்த பேனாக்களோடு வரும் பொடிப் பாக்கெட்டுகளில் 6.86, 4.00, 9.18 என்று இருக்கும். கடையில் தனியாக வாங்கும் பஃபர் 7.00, 4.01, 10.01. பேனா 6.86-ஐ எதிர்பார்க்கும்போது 7.00-ல் விட்டால் 0.14 பிழை அங்கேயே உள்ளே வந்துவிடும். நம் ஊர்த் தண்ணீர் பெரும்பாலும் 7-க்கு மேல் இருப்பதால் 7-ம் 10-ம் கொண்டு சரிசெய்வதே பொருத்தம். ஆனால் 10 பஃபர் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை இழுத்துக்கொண்டு மெல்ல இறங்கும், உடனுக்குடன் மூட வேண்டும். ஆர்ஓ தண்ணீரில் எண் நிற்காமல் ஓடுகிறது என்று மீட்டரைத் திட்டாதீர்கள். அயனிகளே இல்லாத தண்ணீரில் எந்தச் சாதாரண மின்முனையும் தடுமாறும்.

சரி, அப்படியானால் பேனலில் என்ன குறை? நல்ல கண்ணாடிக் குமிழ் ஒரு பிஎச் வித்தியாசத்துக்கு 25 டிகிரியில் 59.16 மில்லிவோல்ட் தரும், 7 பஃபரிலிருந்து 4 பஃபருக்கு மாற்றினால் ஏறக்குறைய 177. அது 150-க்குக் கீழே போனால் ப்ரோபை (குமிழ் உள்ள அளக்கும் முனையை) மாற்றும் நேரம். பேனாவாக இருந்தால் பஃபரில் விட்டதுமே தடுமாற்றம் கண்ணில் படும். குழாய்க்குள் கிடக்கும் ப்ரோபை யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை. சென்னையின் புழுக்கத்தில் கேபிள் இணைப்பில் ஈரம் இறங்கி மின்சாரம் கசிந்தால் எண் 7-ஐ நோக்கிப் போய் அங்கேயே நிற்கும், குமிழ் விரிசல் விட்டாலும் அதே 7 பக்கம்தான். எல்லாருக்கும் பிடித்த எண் அது. செத்த ப்ரோப் மாதக்கணக்கில் 7.0 காட்டிக்கொண்டிருக்க, கூட்டத்தில் “பிஎச் சூப்பரா இருக்கு” என்று குறிப்பு எழுதப்படும். மோட்டார் ஓடும்போது மட்டும் எண் துள்ளினால் எர்த்திங் கோளாறு என்று சந்தேகியுங்கள், ப்ரோபை மாற்றி பிரயோஜனமில்லை. நீச்சல் குளம், அமில டோசிங் என்று பிஎச்சைப் பார்த்துத் தானாக இயங்கும் பம்ப் இருந்தால் பேனல் வேண்டும். இல்லையென்றால் பேனாவே மேல்.

குளோரினில் பேனல் இன்னும் பரிதாபம். சென்சாரின் மெம்பிரேனும் உள்ளே ஊற்றும் திரவமும் அவ்வப்போது மாற்ற வேண்டும், தண்ணீர் சீராக ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நமக்கோ சம்ப் நிரம்பினால் ஓட்டம் நின்றுவிடும். இத்தனைக்கும் அதைக் காலிபரேட் செய்வதே டிபிடி (குளோரின் இருந்தால் இளஞ்சிவப்பாகும் ரசாயனம்) கிட்டை வைத்துத்தான்! கிட்டை எப்படியும் வாங்கப் போகிறோம் என்றால் அதோடு நிறுத்திக்கொள்ளலாமே. குடிநீரில் மிஞ்ச வேண்டிய குளோரின் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம். நம் வெயிலுக்குத் திரவ டிபிடியை விட தனித்தனியாக உறையிட்ட மாத்திரைதான் தாக்குப்பிடிக்கும். மஞ்சள் நிறம் தரும் பழைய ஆர்த்தோடாலிடின் கிட்டை விட்டுவிடுங்கள், அந்த ரசாயனம் உடம்புக்கு ஆகாதது. சம்ப் கழுவிப் பிளீச்சிங் பவுடர் நிறையப் போட்ட அன்று ஓர் எச்சரிக்கை: குளோரின் மிக அதிகமானால் டிபிடியின் இளஞ்சிவப்பே வெளுத்துப்போய் “குளோரின் இல்லை” என்பது போல் தெரியும். குளோரின் இல்லாத தண்ணீர் கலந்து நீர்க்கச் செய்து மறுபடி பாருங்கள்.

ஆக என் கணக்கில் பெரும்பாலான குடியிருப்புகளுக்கு ஒரு டிடிஎஸ் பேனா, ஒரு பிஎச் பேனா, கடினத்தன்மைக்கும் குளோரினுக்கும் கிட், ஆர்ஓ வெளிவாயில் மட்டும் ஒரு கடத்துதிறன் மானிட்டர். பேனலை ஏற்கெனவே வாங்கி மாட்டியாகிவிட்டது என்றால், பராமரிப்பு ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்: ஒவ்வொரு முறை வரும்போதும் 7 பஃபரிலும் 4 அல்லது 10 பஃபரிலும் ப்ரோப் காட்டிய மில்லிவோல்ட், பஃபர் பாட்டிலின் காலாவதித் தேதி, இரண்டையும் சர்வீஸ் ரிப்போர்ட்டில் எழுதித் தர வேண்டும். வெறும் ‘ஓகே’ என்று எழுதிக் கொடுத்தால் கையெழுத்துப் போடாதீர்கள்.