மட்டக்களப்பிலிருந்து மீமுரே: கண்டியைச் சுற்றாமல் மலை ஏறும் வழி

மீமுரேக்குப் போவது எப்படி என்று தேடினால் கிடைக்கிற குறிப்புகள் பெரும்பாலும் கொழும்பில் தொடங்கும், கண்டியில் ஒரு இரவு தங்கச் சொல்லும், பிறகுதான் மலைக்கு ஏற்றும். மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ சொந்தக்காரர் வீட்டில் நிற்கிறவருக்கு அது தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வழி. நக்கிள்ஸ் மலைத்தொடரின் கிழக்கு வாசல் எங்கள் பக்கம்தான் இருக்கிறது. பதுளை வீதியால் போய் மகியங்கனையில் மலை ஏறினால், கண்டி நெரிசலைக் காணாமலே ஒரே பகலில் ஊருக்குள் இறங்கிவிடலாம். லண்டன், டொரொண்டோ, சூரிச் என்று எங்கிருந்து வந்தாலும், பயணத்தின் நடுவே இரண்டு இரவு ஒதுக்க முடிந்தால் இது செய்யக்கூடிய காரியம்.

மீமுரே கண்டி மாவட்டத்தின் ஓரத்தில், லக்கேகல என்ற கூம்பு வடிவப் பாறை மலைக்குக் கீழே கிடக்கிற சிறிய சிங்களக் கிராமம். நெல், மிளகு, பாணி இறக்குகிற கித்துள் மரம் இவைதான் சீவியம். சுற்றிவரக் காப்புக் காடு. நக்கிள்ஸ் 2010 இல் மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாக உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. சூழலுக்கு இசைந்த ஊர் என்று அதைச் சொல்வதன் பொருள் நடைமுறையில் இதுதான்: சமையல் வீட்டுத் தோட்டத்தையும் வயலையும் நம்பி நடக்கிறது, குளிப்பு ஆற்றில், குப்பை ஏற்ற நகரசபை லொறி வராது. ஹோட்டல் வசதியை எதிர்பார்த்துப் போகிறவர்கள் எல்ல, நுவரெலியா பக்கம் போவது நல்லது.

முதலில் காலத்தைப் பாருங்கள். வெளிநாட்டுக் குடும்பங்களுக்குக் கிடைப்பது இரண்டே விடுமுறை: ஆடி ஆவணி, அல்லது மார்கழி. மார்கழியில் எங்கள் ஊரில் பெய்கிற அதே வடகீழ்ப் பருவமழைதான் நக்கிள்ஸின் கிழக்குச் சரிவிலும் பெய்கிறது. மட்டக்களப்பில் வாவி நிரம்பி வயலுக்குள் வெள்ளம் நிற்கிற கிழமையில் மீமுரே வீதியில் மண் சரிந்துகொண்டிருக்கும். நத்தார் விடுமுறைக்கு வந்து, மூன்று நாள் வெயில் எறித்ததை நம்பி மலைக்கு வெளிக்கிடுவதுதான் அடிக்கடி நடக்கிற பிழை. மழை விட்ட பிறகும் நனைந்த மண் சரியும். வானம் வெளித்தால் வீதி பாதுகாப்பு என்று கணக்கில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலைநாட்டை எப்படிப் பெயர்த்தது என்பதை எல்லோரும் அறிவோம். கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்கள் பட்ட அடியில் பல வீதிகள் இன்னும் பழைய வீதிகள் இல்லை. வரைபடச் செயலி காட்டுகிற நேரத்தை நம்பாமல், போவதற்கு முதல் நாள், மீமுரேயில் தங்கப்போகிற வீட்டுக்காரரிடமே கேளுங்கள்.

ஆடி ஆவணியில் கதை வேறு. எங்கள் பக்கம் கச்சான் அடிக்கிற காலம் அது. தென்மேற்குக் காற்று மலையின் மேற்குப் பக்கத்தில் மழையைக் கொட்டிவிட்டு, வெறுங்கையோடு கீழே இறங்கும்போது சூடேறி வறண்டு வருகிறது. அதுதான் மட்டக்களப்பில் உதடு வெடிக்க வைக்கிற கச்சான். மீமுரே மலைமுடிக்குக் கிழக்கே இருப்பதால் அந்த மாதங்களில் அங்கும் மழை குறைவு, பாதை காய்ந்திருக்கும், அட்டையும் குறைவு. ஆனால் ஊருக்கு இறங்குமுன் வருகிற கோர்பட்ஸ் கப் கணவாயில் காற்று ஆளைத் தள்ளும். சின்னப் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டுதான் வாகனத்தை விட்டு இறக்க வேண்டும். தொப்பி, குடை எல்லாம் பள்ளத்துக்குப் போகும். மாசிக் கடைசி முதல் சித்திரை வரையும் நல்ல காலம், விடுமுறை கிடைத்தால்.

வழி இப்படி. மட்டக்களப்பிலிருந்து செங்கலடிக்கு வந்து பதுளை வீதியில் திரும்பினால் கரடியனாறு, புல்லுமலை, மகா ஓயா, பதியத்தலாவ. அம்பாறை, கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கத்தவர்கள் உகணை வழியாக மகா ஓயாவில் வந்து சேரலாம். பதியத்தலாவையில் வீதி பிரிகிறது: ஒன்று பிபிலை, பசறை வழியாகப் பதுளைக்கு, மற்றது மகியங்கனைக்கு. மகியங்கனையைத் தாண்டி ஹசலக்க, பிறகு பதினெட்டு வளைவு ஏற்றம், உடுதும்பர, ஹுன்னஸ்கிரிய. ஹுன்னஸ்கிரிய சந்தியில் வலக்கைப் பக்கம் லூல்வத்த வீதி. கண்டியிலிருந்து வருகிறவர்களுக்கு இது இடக்கை, ஆகவே அவர்களுடைய குறிப்பைப் பார்த்துத் திரும்பிவிடாதீர்கள். மட்டக்களப்பு – மகியங்கனை நூறு கிலோமீற்றருக்குச் சற்று மேல், அங்கிருந்து ஹுன்னஸ்கிரிய நாற்பதுக்குக் கிட்ட, கடைசித் துண்டு முப்பது சொச்சம். முதல் நூறுக்கு இரண்டரை மணித்தியாலம் போதும். கடைசி முப்பதுக்கே இரண்டு மணித்தியாலம் வேண்டும். இந்தக் கடைசித் துண்டைக் குறைத்துக் கணக்குப் போட்டுத்தான் ஆட்கள் இருட்டில் மாட்டிக்கொள்கிறார்கள்.

வெள்ளாப்பில் வெளிக்கிடுங்கள், ஆனால் நன்றாக விடிவதற்கு முன்பு செங்கலடியைத் தாண்ட வேண்டாம். கரடியனாற்றுக்கு அப்பால் பதியத்தலாவ வரை யானை வீதிக்கு வருகிற இடம். ஆறு மணிக்குச் செங்கலடி, ஒன்பதுக்கு முன் மகியங்கனை, பதினொன்றுக்கு ஹுன்னஸ்கிரிய, இரண்டு மணிக்குள் மீமுரே என்று வைத்தால் இடையில் சாப்பிடவும் நிற்கவும் நேரம் இருக்கும். ரயில் இந்தப் பயணத்துக்கு உதவாது: மட்டக்களப்புப் பாதை கல் ஓயா, மாஹோ என்று வடக்கால் சுற்றிக் கொழும்புக்குப் போகிறது; கண்டிக்குப் போக பொல்கஹவெலயில் மாற வேண்டும்.

பஸ்ஸில் போகிறவர்கள் மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ கண்டி பஸ் எடுக்கலாம். ஏறுமுன் கேட்க வேண்டிய ஒரே கேள்வி: மகியங்கனை வழியா, பொலன்னறுவை வழியா? பொலன்னறுவை, தம்புள்ள வழியால் போகிற பஸ் உங்களைக் கண்டிக்கு மறுபக்கத்தால் கொண்டுபோய்விடும். ஹுன்னஸ்கிரியவில் இறக்கச் சொல்லி நடத்துநரிடம் ஏறும்போது ஒரு தரமும் உடுதும்பரவில் ஒரு தரமும் சொல்லுங்கள். அங்கிருந்து வீட்டுக்காரர் அனுப்புகிற ஜீப் அல்லது ஓட்டோ. இதை முதலே பேசிவைக்காமல் சந்தியில் நின்று பிடித்தால், பையையும் உடுப்பையும் பார்த்தே விலை சொல்வார்கள்.

குடும்பமாகப் போகிறவர்கள் பிடிப்பது வான். வானில்தான் பிரச்சினை வரும். பதினைந்து பேர் ஏறுகிற உயரக் கூரை வான் ஹுன்னஸ்கிரிய வரை வசதியாகப் போகும். கோர்பட்ஸ் கப்புக்கு அப்பால் வீதி ஒடுங்கி, ஊசி வளைவுகளில் ஒரே தரத்தில் திரும்பாது, அடிப்பாகமும் கல்லில் தட்டும். எதிரே வாகனம் வந்தால் ஒருவர் பின்னால் எடுக்க வேண்டும், ஒரு பக்கம் பள்ளம். வானை ஹுன்னஸ்கிரியவில் விட்டு ஜீப்புக்கு மாறுவது செலவு கூடின தீர்வு. ஆனால் சாரதிக்கு மலை பழக்கமில்லை என்றால் வேறு பேச்சே வேண்டாம். எங்கள் பக்கத்துச் சாரதிகள் தட்டை வீதியில் கெட்டிக்காரர்கள், மலை இறக்கத்தில் பலர் பிரேக்கை மிதித்தபடியே வருவார்கள். பிரேக் சூடேறி மணம் வரத் தொடங்கினால் சற்று நேரத்தில் பிடிக்காமல் போகும். பதினெட்டு வளைவிலும் மீமுரே இறக்கத்திலும் இரண்டாம் கியரில், தேவைப்பட்டால் முதலாம் கியரில் இறக்க வேண்டும். ஓட்டோ கியர் வாகனம் என்றால் எல் அல்லது இரண்டில். மணம் வந்தால் அரை மணித்தியாலம் நிறுத்தி ஆற விடுங்கள், சூட்டோடு தண்ணீர் ஊற்றாதீர்கள்.

வான்காரருடன் பேசும்போது மொத்த விலை கேட்டு முடித்துவிடக் கூடாது. எத்தனை கிலோமீற்றர் அடங்கும், கூடினால் கிலோமீற்றருக்கு எவ்வளவு, டீசல் யாருடையது, சாரதியின் இரவுச் செலவும் சாப்பாடும் யார் தருவது, இரண்டாம் நாள் சும்மா நின்றால் காசா. இந்த ஐந்துக்கும் பதிலை வாட்ஸ்அப்பில் எழுத்தில் வாங்குங்கள். வெளிநாட்டிலிருந்து நேரே பேசினால் விலை ஏறும். ஊரிலிருக்கிற மச்சானோ மருமகனோ பேசினால் நியாயமாக வரும். நீங்களே ஓட்ட நினைத்தால், வெளிநாட்டு உரிமம் மட்டும் போதாது, இலங்கையில் செல்லுபடியாகும் அனுமதி எடுத்திருக்க வேண்டும்.

காசும் வாகனத்துக்கு எண்ணெயும் மகியங்கனையில் முடித்துக்கொள்ளுங்கள். அங்கே வங்கிகள், காசு எடுக்கிற இயந்திரங்கள் எல்லாம் உண்டு; மலைக்கு மேலே வங்கி அட்டையால் கட்டுகிற கதை இல்லை. ஐயாயிரம் ரூபாய்த் தாளாக எடுக்காமல் ஐந்நூறு, ஆயிரமாக மாற்றிவைத்தால் வழிகாட்டிக்கும் ஜீப்புக்கும் மிச்சக்காசுத் தொல்லை வராது.

தங்குவது வீடுகளில், அல்லது வீட்டுக்காரர் போட்டிருக்கிற மண்சுவர் அறைகளில், கூடாரங்களில். சேவையைப் பற்றி நேர்மையாகச் சொன்னால்: சாப்பாடு மிக நல்லது, கழிவறை சுமார், சுடுதண்ணீர் பெரும்பாலும் இல்லை. விலை ஆளுக்கு இவ்வளவு என்று மூன்று நேரச் சாப்பாட்டோடு சேர்த்துச் சொல்வார்கள். ஜீப்பும் வழிகாட்டியும் அதற்குள் இல்லை என்பதைத் தெரிந்து பேசுங்கள். ஊருக்குள் தொலைபேசி எடுப்பது இடத்துக்கு இடம் மாறும், ஆகவே பதில் வர ஒரு நாள் சென்றால் கோபிக்க வேண்டாம். முற்பணம் கேட்டால் உறவினர் ஒருவர் வங்கியில் போட்டு, துண்டைப் படம் பிடித்து அனுப்பினால் போதும். ஆள் கணக்கைக் குறைந்தது இரண்டு நாளுக்கு முன் உறுதியாகச் சொல்ல வேண்டும். அரிசி தவிர்ந்த பல சாமான்களை அவர்கள் ஹுன்னஸ்கிரியவிலிருந்து ஏற்றுகிறார்கள். எட்டுப் பேர் என்று சொல்லிவிட்டு, கடைசி நேரத்தில் பெரியம்மா வீட்டாரையும் ஏற்றிக்கொண்டு பதினான்கு பேராய்ப் போய் இறங்குவது அந்த வீட்டுப் பெண்களை இரவு முழுக்க அடுப்படியில் நிறுத்தும். தயவுசெய்து செய்யாதீர்கள்.

வெள்ளிக்கிழமை விரதம் இருப்பவர்கள் "மஸ் மாளு கன்னே நே" என்று முதலே சொன்னால் பருப்பு, பலாக்காய், கீரை என்று வயிறார வைப்பார்கள். முஸ்லிம் குடும்பங்கள் கோழியை விட்டு மரக்கறி, முட்டை, கருவாடு என்று கேட்டால் இரு பக்கமும் சங்கடம் இல்லை. தமிழ் தெரிந்தவர் கிடைப்பது அரிது. வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகளின் ஆங்கிலமும் அதிகம் உதவாது. "வஹினவாத?" மழை பெய்கிறதா, "பார ஹொந்தாய்த?" வீதி நல்லதா, "கீயத?" எவ்வளவு, இந்த மூன்றையும் பாடமாக்கினால் பாதி வேலை முடியும். அன்பளிப்பாகக் கொண்டுபோகச் சொக்கலேட்டைவிட எங்கள் கடலோரத்துக் கருவாடு மேல். இரண்டு மடிப்பாகக் கட்டி இறுகிய டப்பாவில் வையுங்கள், இல்லையென்றால் பதினெட்டு வளைவில் வாகனம் முழுக்கச் சத்தி எடுக்கும். பயணத்தில் சத்தி வராமல் இருக்கக் கொடுக்கிற குளிசையை ஏற்றம் தொடங்குவதற்கு அரை மணித்தியாலம் முன்பு, அதாவது மகியங்கனையில், கொடுக்க வேண்டும்.

காப்புக் காட்டு நடைபாதைகளுக்கு வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் நுழைவுச்சீட்டு வேண்டும். ஹுன்னஸ்கிரிய – லூல்வத்த வீதியிலே அந்தத் திணைக்களத்தின் டீன்ஸ்டன் நிலையம் வருகிறது, சின்ன உலக முடிவு (மினி வேர்ல்ட்ஸ் எண்ட்) என்ற மலைவிளிம்புக்குப் போகிற பாதையும் அங்கேதான். வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்கு ஒரு விலை, தேசிய அடையாள அட்டைக்கு ஒரு விலை, வித்தியாசம் பெரிது. இரட்டைக் குடியுரிமை உள்ளவர்கள் அடையாள அட்டையை வீட்டில் வைத்துவிட்டு வந்து தர்க்கப்படுவதில் பயனில்லை. அட்டை இல்லாதவர்கள் வெளிநாட்டு விலையைக் கட்டுவதே முறை. மகாவலி ஆற்றுக்குத் தண்ணீர் சேர்வதில் அந்தக் காட்டுக்கும் பங்கு உண்டு. லக்கேகல உச்சிக்கு ஏறும் எண்ணத்தை விடுங்கள். செங்குத்துப் பாறை, கயிறும் பழக்கமும் உள்ளவர்களுக்கானது. கீழே வயல்வெளியில் நின்று பார்த்தாலே அதன் முழு அழகும் தெரியும்.

அட்டைக்கு நீளக் காலுறையை காற்சட்டைக்கு மேலால் இழுத்து, சவர்க்காரத்தைக் காயக் காயப் பூசுங்கள். கடித்தால் பிய்க்காமல் நகத்தால் வாய்ப்பக்கத்தைத் தள்ளிவிட வேண்டும். இரத்தம் உறையாமல் இருக்க அது ஒரு பொருளைச் செலுத்துவதால் காயம் நெடுநேரம் கசியும்; இதயத்துக்காக இரத்தத்தை இளக்கும் குளிசை எடுக்கிற அப்பா அம்மாக்களை ஈரப் பாதையில் கூட்டிப் போகாதீர்கள். பாம்புக் கடி என்றால் கட்டுப் போடுவதோ கீறுவதோ வேண்டாம். காலை அசைக்காமல் தெல்தெனிய அல்லது மகியங்கனை ஆதார வைத்தியசாலைக்கு ஏற்றுங்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வருகிற அம்புலன்ஸ் இலவசம், ஆனால் ஊருக்குள் இறங்கி ஏற நேரம் செல்லும். ஆகவே வாகனம் ஒன்று இரவிலும் ஊருக்குள் நிற்க வேண்டும்.

ஆறு தெளிவாக, முழங்கால் அளவாக, பிள்ளைகள் விளையாடத் தோதாகத்தான் தெரியும். மேலே மலையில் மழை பெய்தால் இங்கே வெயில் எறிக்கும்போதே தண்ணீர் ஏறும். நீர் கலங்கினாலோ, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ, உடனே எல்லோரையும் கரையேற்றுங்கள். சவர்க்காரம், ஷாம்பு ஆற்றில் வேண்டாம். அதே தண்ணீர் கீழே வயலுக்குப் போகிறது. சோற்றை வீட்டிலேயே வாழையிலையில் கட்டிக்கொண்டு, தண்ணீருக்குப் பெரிய கலன் ஒன்றை ஏற்றினால், போத்தல் குப்பை பாதியாகக் குறையும். மிச்சத்தை ஒரு சாக்கில் கட்டித் திரும்பக் கொண்டுவந்து ஊரில் போடுங்கள். எட்டு மணிக்குப் பிறகு ஸ்பீக்கர் வேண்டாம், விடிய வயலுக்குப் போகிற சனம்.

கித்துள் பாணியும் கருப்பட்டியும் மிளகும் காய்ச்சுகிற, காய வைக்கிற வீட்டிலேயே வாங்குங்கள். வீதியோரப் போத்தலில் விலை மலிவு என்றால் சீனி கலந்திருக்கும். பாணியை விமானத்தில் கைப்பையில் ஏற்ற விடமாட்டார்கள், பெட்டிக்குள்தான் போக வேண்டும். மூடியை ஒட்டி, இரண்டு பைக்குள் போட்டு, உடுப்புக்கு நடுவில் வையுங்கள். திரும்பும் நாள் காலை ஏழுக்கே மீமுரேயை விட்டால் மகா ஓயா வெந்நீர் ஊற்றில் கால் கழுவ ஒரு மணித்தியாலம் கிடைக்கும். சில கிணறுகளில் கை வைக்கவே முடியாத சூடு, பிள்ளைகளைத் தனியே விடாதீர்கள். நான்கு மணிக்கு அங்கிருந்து எழும்பினால், யானை வெளிக்கிடுமுன் செங்கலடியில் தேத்தண்ணீர் குடிக்கலாம்.