1500க்குள் மூன்று பேர்: போகிமான் கோ கிரேட் லீக் நேரத்துக்குத் தகுமா?

போகிமான் கோவில் ரெய்டு (பலர் கூடி ஒரு வலுவான போகிமானை வீழ்த்துவது) அடிப்பவர் பெட்டியும் பேட்டில் லீக் (ஆளுக்கு ஆள் மோதும் போட்டி) ஆடுபவர் பெட்டியும் ஒன்றுபோல இருக்காது. ரெய்டுக்காரர் பார்த்தவுடன் புரொபசருக்கு அனுப்பிக் கழித்துவிடும், தாக்குதல் பட்டை காலியாக இருக்கும் ஒரு போகிமானை லீக் ஆடுபவர் பூட்டி வைத்திருப்பார். 2016இல் வந்த கைபேசி ஆட்டம் இது. நேருக்கு நேர் மோதல் 2018 டிசம்பரில் சேர்ந்தது, தரவரிசையுடன் கூடிய பேட்டில் லீக் 2020இல் திறந்தது. லீக்கின் மூன்று முக்கியப் பிரிவுகளில் 1500 சிபி (போகிமானின் மொத்த வலு எண்) வரம்புள்ள கிரேட் லீக் மட்டும்தான் புதிதாக வருபவர் காசும், போகிமானை ஏற்றச் செலவாகும் ஸ்டார்டஸ்ட் என்ற தூசும் கரையாமல் ஆடத் தக்கது. அதற்கு டீம் எடுப்பது எப்படி, எங்கே பணம் கொட்டக்கூடாது, ஆட்டமே எங்கே காலை வாரும் என்பதுதான் இங்கே பேச்சு.

முதலில் கணக்கு. மாஸ்டர் லீக்கில் வரம்பு இல்லை, ஆகவே எல்லாரும் 50ஆம் நிலையில் வந்து நிற்பார்கள். ரெய்டில் 20ஆம் நிலையில் பிடித்த ஒன்றை 40க்கு ஏற்ற 2,25,000 ஸ்டார்டஸ்ட், அங்கிருந்து 50க்கு மேலும் 2,50,000, கூடவே 296 எக்ஸ்எல் கேண்டி (40க்கு மேல் ஏற்றத் தேவைப்படும் தனி கேண்டி). மூன்று பேருக்கு 14,25,000 ஸ்டார்டஸ்ட். லெஜண்டரி என்றால் இரண்டாவது சார்ஜ் அடியை (ஆற்றல் சேர்த்து வீசும் பெரிய அடியை) திறக்க ஆளுக்கு இன்னொரு லட்சம். கிரேட் லீக்கில் ஸ்வாம்பர்ட் 18ஆம் நிலையை ஒட்டியே 1500ஐத் தொட்டுவிடும், ஸ்டார்ட்டர் வகை என்பதால் இரண்டாவது அடிக்கு வெறும் 10,000 ஸ்டார்டஸ்ட்டும் 25 கேண்டியும். வித்தியாசம் புரியும்.

ஆனால் கிரேட் லீக் முழுக்க மலிவு என்று நம்பிவிடக் கூடாது. அடிப்படை பலம் குறைந்த போகிமான்கள் 1500ஐ எட்ட உயரமாக ஏற வேண்டும். அசுமரில் 40ஆம் நிலையை ஒட்டி வந்தால்தான் வரம்பைத் தொடும். லிக்கிடங் 15/15/15 (தாக்குதல், தற்காப்பு, எச்பி எனும் உயிர்வலு மூன்றிலும் முழு ஐவி) ஆனாலும் 40ஆம் நிலையில் 1411தான், எக்ஸ்எல் கேண்டி இல்லாமல் ஆகாது. தரவரிசைப் பட்டியலில் மேலே இருக்கிறதே என்று இவற்றில் கை வைப்பதற்கு முன் எந்த நிலை வரை ஏற்ற வேண்டும் என்று பாருங்கள். ஸ்கார்மரி 25இலிருந்து 28க்குள் முடிந்துவிடும், நடுத்தர வரவுசெலவு.

ஐவி (ஒவ்வொரு போகிமானுக்கும் பிறவியிலேயே 0 முதல் 15 வரை அமையும் எண்கள்) பற்றி ஊரெல்லாம் ஒரு பயம். சிபி கணக்கில் தாக்குதல் முழுதாகப் பெருக்கப்படுகிறது, தற்காப்பும் எச்பியும் வர்க்கமூலமாகத்தான் சேர்கின்றன. அதனால் தாக்குதல் குறைவாக இருந்தால் அதே 1500க்குள் இன்னும் ஒன்றிரண்டு நிலை ஏறலாம், மொத்த உடல் வலு கூடும். 0/15/15 என்று எல்லாரும் தேடுவதன் காரணம் இதுதான். சரி, எவ்வளவு கூடும்? ஸ்வாம்பர்ட்டையே எடுத்துக்கொள்வோம். 15/15/15 என்றால் 17.5ஆம் நிலையில் நிற்கும், எச்பி 134. 0/15/15 என்றால் 18.5ஆம் நிலை, எச்பி 137. மூன்று எச்பி, கொஞ்சம் தற்காப்பு. இதற்காக நல்ல அடிகள் வைத்திருக்கும் ஸ்வாம்பர்ட்டை மூலையில் போட்டுவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பது வீண். இன்னொன்று: இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சார்ஜ் அடியை அழுத்தினால் தாக்குதல் அதிகமானவர் அடிதான் முதலில் இறங்கும். ஒரே போகிமான் எதிரெதிரே வரும்போது பூஜ்யத் தாக்குதல்காரர் அங்கே தோற்பார்.

குறைந்த தாக்குதல் வேண்டுமென்றால் எங்கே தேடுவது என்பதும் முக்கியம். ரெய்டு, முட்டை, ரிசர்ச் மூன்றிலும் எந்த ஐவியும் 10க்குக் கீழ் வராது. வானிலை சாதகமாக இருக்கும்போது பிடித்தால் 4க்குக் கீழ் வராது. ஆகவே சாதாரணமாகப் பிடித்ததும் டிரேடும்தான் வழி. டிரேடில் ஐவி புதிதாகக் குலுக்கப்படும். நட்பு எவ்வளவு நெருக்கமோ அவ்வளவுக்குக் கீழ் வரம்பு உயரும், பெஸ்ட் ஃபிரண்டிடம் 5, லக்கி ஆகிவிட்டால் 12. புது நண்பரோடு மாற்றுவதே இதற்கு லாபம். ஒருமுறை மாற்றியதை மறுபடி மாற்ற முடியாது.

அடிக்கடி நடக்கும் இரண்டு விபத்துகள். பரிணாமம் செய்தவுடன் சிபி 1500ஐத் தாண்டிவிடுவது முதலாவது. ஏறிய சிபியை இறக்க வழியே கிடையாது, கேண்டி போனது போனதுதான். பரிணாமத்துக்குப் பின் சிபி எவ்வளவு வரும் என்று கணக்குப் பார்க்கும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே உண்டு. இரண்டாவது, ராக்கெட் கும்பலிடமிருந்து மீட்ட ஷேடோ போகிமானைச் சுத்திகரிப்பது. சுத்திகரித்தால் அது நேராக 25ஆம் நிலைக்குப் போய்விடும், ஒவ்வொரு ஐவியும் 2 கூடும், தாக்குதலும் சேர்த்து. கிரேட் லீக்குக்கு இரண்டுமே கெடுதல். ஷேடோவாகவே வைத்தால் தாக்குதல் 20 விழுக்காடு ஏறும், தற்காப்பு அதற்கேற்ப இறங்கும். கைதேர்ந்தவர்களுக்கு அது ஆயுதம். ஆனால் ஷேடோவில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஃபிரஸ்ட்ரேஷன் அடியை ராக்கெட் கும்பல் நிகழ்வுகளின்போதுதான் டிஎம் (அடியை மாற்றும் பொருள்) போட்டு மாற்ற முடியும். இதைத் தெரியாமல் பவர் அப் செய்தவர் அடுத்த நிகழ்வு வரை காத்திருக்க வேண்டியதுதான்.

இனி ஆள் எடுப்பது. போகிமான்களைத் தரவரிசைப்படுத்தும் பிவிபோக் தளத்தைத் திறந்து பட்டியலில் முதல் மூன்று பெயரை எடுத்து டீம் போடுவதுதான் புதியவர் செய்யும் தவறு. அந்தப் பட்டியல் ஒவ்வொரு போகிமானையும் தனித்தனியாக மோதவிட்டுக் கிடைத்த சராசரி. மேலே இருக்கும் மூவருக்கும் ஒரே எதிரி இருந்தால் அந்த எதிரி ஒருவனே மூவரையும் வாரிக்கொண்டு போவான். பட்டியலை விட அதே தளத்தின் டீம் பில்டர் பயனுள்ளது: மூவரைக் கொடுத்தால் எவன் எவனிடம் மாட்டிக்கொள்வீர்கள் என்று வரிசையாகக் காட்டும்.

எல்லா ஓட்டையையும் மூன்று பேரால் அடைக்க முடியாது. ஒரு ஓட்டையைத் தெரிந்தே விட்டு, அதற்குக் காவலை முன்னால் நிறுத்துவதுதான் இந்த லீக்கின் பழைய சூத்திரம். ஏபிபி என்பார்கள்: முன்னால் காவல் ஒருவர் (ஏ), பின்னால் ஒரே பலவீனம் கொண்ட இருவர் (பிபி). ஸ்வாம்பர்ட் முன்னால், அசுமரில், ஸ்கார்மரி பின்னால் என்று வையுங்கள். பின்னால் இருக்கும் இருவருக்கும் எலக்ட்ரிக் அடி 1.6 மடங்கு வலிக்கும். ஸ்வாம்பர்ட் வாட்டர், கிரவுண்டு இரண்டும் என்பதால் அதன்மீது எலக்ட்ரிக் 0.625 மடங்குதான், பதிலுக்கு அதன் கிரவுண்டு அடி எலக்ட்ரிக்கைப் பிளக்கும். எதிராளி எலக்ட்ரிக்கை முன்னால் கொண்டுவந்தால் அங்கேயே கதை முடிந்தது, பின்னால் இருப்பவர்களுக்கு வழி திறந்துவிடும்.

ஸ்வாம்பர்ட்டுக்கு எமன் கிராஸ் டைப், 2.56 மடங்கு. எதிரே வீனசார் மாதிரி ஒன்று நின்றால் அரை நொடி யோசிக்காமல் ஸ்கார்மரிக்கு மாற்றுங்கள். ஸ்டீலும் ஃபிளையிங்கும் சேர்ந்ததால் கிராஸ் அடி அதன்மீது 0.39 மடங்குதான். ஸ்கார்மரியைப் பார்த்து எதிராளி ஃபயர் டைப்பை இறக்குவார். அதற்கு அசுமரிலும் ஸ்வாம்பர்ட்டும் காத்திருக்கின்றன. அசுமரிலுக்கு வரும் பாய்சன் அடியை ஸ்கார்மரி தூசி போலத் தட்டிவிடும். இப்படி ஒருவர் முதுகை ஒருவர் பார்த்துக்கொள்ளும் அமைப்பு இது. உடைவது எங்கே? ஸ்வாம்பர்ட் விழுந்த பிறகு எதிராளியின் கடைசி ஆளாக எலக்ட்ரிக் வந்தால். அப்போது கையில் ஷீல்டு (சார்ஜ் அடியைத் தடுக்கும் கேடயம்) இல்லையென்றால் தோல்விதான். ஆகவே எதிராளியின் மூன்று பேரும் தெரியும்வரை ஸ்வாம்பர்ட்டை அநாவசியமாகப் பலி கொடுக்கக் கூடாது.

இந்த டீமின் இன்னொரு பலவீனம், எதையும் ஓரளவு தாங்கும் மாற்று ஆள் இல்லாதது. போட்டியில் ஒருமுறை ஆளை மாற்றிவிட்டால் அடுத்த மாற்றத்துக்குக் கடிகாரம் ஓடும். முன்பு 60 நொடி, பிறகு குறைத்திருக்கிறார்கள். அந்த இடைவெளியில் எதிராளி தன் சிறந்த பதிலைக் கொண்டுவந்து நிறுத்துவார். அதனால் முதல் மாற்றாக இறங்குபவன் யார் வந்தாலும் கொஞ்சமாகத் தோற்பவனாக இருக்க வேண்டும். ஜெயிக்கிறானா என்பது அப்புறம். லிக்கிடங் இதற்குப் பேர்போனது, நார்மல் டைப்புக்கு வலிப்பது ஃபைட்டிங் ஒன்றுதான். நேர் எதிர் உதாரணம் பாஸ்டியோடான்: ஃபிளையிங் கூட்டத்தைத் தனியாளாக அடக்கும், ஆனால் ஃபைட்டிங்கும் கிரவுண்டும் 2.56 மடங்கு. அதை மாற்றாக இறக்கினால் சூதாட்டம்.

ஆளைவிட அடி முக்கியம் என்பதை நிறையப் பேர் தாமதமாகவே உணர்கிறார்கள். ஸ்வாம்பர்ட்டிடம் ஹைட்ரோ கேனன் என்ற சார்ஜ் அடி இல்லையென்றால் அது ஸ்வாம்பர்ட்டே இல்லை. அந்த அடி கம்யூனிட்டி டே போன்ற நிகழ்வுகளிலோ எலீட் டிஎம்மிலோதான் கிடைக்கும். ஹைட்ரோ கேனனுக்கு 40 ஆற்றல், எர்த்க்வேக்குக்கு 65. ஒரு ஃபாஸ்ட் அடி (தட்டுந்தோறும் விழும் சின்ன அடி) 8 ஆற்றல் தந்தால் ஐந்து தட்டில் 40 சரியாக நிரம்பும். 9 தந்தாலும் ஐந்து தட்டுதான், ஆனால் 5 மிச்சம் நிற்கும், அடுத்த சுற்றில் கைகொடுக்கும். எதிராளி எத்தனை தட்டு தட்டினார் என்று எண்ணுவதுதான் 2000 மதிப்பெண்ணுக்கு மேல் ஆடுபவரையும் கீழே ஆடுபவரையும் பிரிப்பது. 65 சேரும்வரை பொறுத்துவிட்டு 40ஐ மட்டும் வீசினால் எதிராளி பெரிய அடி என்று பயந்து ஷீல்டு போடுவார். ஆளுக்கு இரண்டு ஷீல்டுதான். ஆகவே ஒரு சின்ன அடி, ஒரு பெரிய அடி என்று இரண்டும் இருக்கும் போகிமானையே தேர்ந்தெடுங்கள். சார்ஜ் அடி ஒன்றே ஒன்று வைத்துக்கொண்டு வருபவரை எதிராளி கண்ணை மூடிக்கொண்டு படித்துவிடுவார்.

குறைகளில் பெரியது அடிகளைத் திருத்துவது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை புது சீசன் வரும்போது சில அடிகளின் வலுவும் ஆற்றலும் மாறும். ஒரே ஆள் ஆண்டுக்கணக்கில் கோலோச்சாமல் இருக்க இது நல்லதுதான். ஆனால் நேற்று இரண்டு லட்சம் ஸ்டார்டஸ்ட் கொட்டி ஏற்றியது இன்று சோப்ளாங்கி ஆகிவிட்டால் திருப்பித் தரமாட்டார்கள். சீசன் முடிய இரண்டு வாரம் இருக்கும்போது விலை உயர்ந்த எதையும் ஏற்றாமல், மாற்றங்கள் அறிவிக்கப்பட்ட பிறகு முடிவெடுப்பது புத்திசாலித்தனம்.

அடுத்தது நெட்வொர்க். ஒரு டர்ன் என்பது அரை நொடி. இணைப்பு திக்கினால் ஒரு தட்டு விழாமல் போகும், அந்த ஒரு தட்டில் ஆட்டமே மாறும். பத்துப் பேர் பயன்படுத்தும் வைஃபையைவிட நிலையான மொபைல் டேட்டா மேல், போனின் பேட்டரி சேவரையும் அணைத்துவிடுங்கள். பழைய போன் சூடேறினால் ஐந்து ஆட்டம் கொண்ட ஒரு செட் முடிந்ததும் சற்று ஆறவிடுவது நல்லது. ஒரு நாளைக்கு வழக்கமாக ஐந்து செட், 25 ஆட்டம். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஆட வேண்டியதில்லை.

மொழி விஷயத்தில் தமிழர்களுக்கு வாய்ப்பில்லை. 2023இல் இந்தி வந்தது, தமிழ் வரவில்லை. டைப் பெயர்களையும் அடிகளையும் ஆங்கிலத்திலேயே மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கிறது. அதே 2023இல் யோகோஹாமாவில் நடந்த உலகப் போட்டியில் போகிமான் கோவுக்கும் தனிப் பிரிவு இருந்தது.

அந்தப் போட்டிகள் நடப்பதும் இதே 1500 வரம்பில்தான். அங்கே ஆறு பேரைப் பதிவு செய்ய வேண்டும், எதிராளியின் ஆறு பேரும் கண்ணுக்குத் தெரியும், ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அதிலிருந்து மூவரை எடுக்க வேண்டும். பேட்டில் லீக்கில் ஒளித்து வைத்த ஓட்டை அங்கே வெட்டவெளிச்சம். ஆகவே ஸ்வாம்பர்ட், அசுமரில், ஸ்கார்மரி கைவசமான பின் நான்காவதாக ஏற்ற வேண்டியது எலக்ட்ரிக்கை அடிக்கும் இன்னொரு கிரவுண்டு ஆள். கிராஸ் 2.56 மடங்கு வலிக்காதவனாகப் பாருங்கள். கிளாட்சயர் பொருந்தும், கிரவுண்டும் பாய்சனும் சேர்ந்ததால் கிராஸ் அதன்மீது ஒரு மடங்குதான்.