ஆசிரியர் சம்பளம்: வருபவருக்குக் கூட்டுவதா, இருப்பவருக்குக் கூட்டுவதா?

கடலூரில் ஒரு நடுத்தர மெட்ரிக் பள்ளியின் நிர்வாகக் குழுவில் இருக்கிறேன். சம்பளத்துக்குக் கூடுதலாக ஒரு தொகை ஒதுக்க முடிந்தபோது மூன்று யோசனைகள் வந்தன. புதிதாகச் சேர்பவரின் ஆரம்பச் சம்பளத்தை உயர்த்தலாம். பொதுத்தேர்வு ரிசல்ட்டுக்கு போனஸ் தரலாம். ஏற்கெனவே இருப்பவர்களின் இன்கிரிமென்ட்டைப் பெரிதாக்கலாம். எங்கள் முடிவு மூன்றாவது. அது சரியென்றே இன்றும் நினைக்கிறேன்.

அரசுச் சம்பளத்தோடு மோதும் பேச்சே இல்லை. பட்டதாரி ஆசிரியருக்குத் தமிழ்நாட்டில் அடிப்படை ஊதியம் 36,400 ரூபாயில் தொடங்குகிறது. மத்திய அரசு விகிதம் நடக்கும் புதுச்சேரியில் 44,900. அகவிலைப்படி தனி. ஆசிரியர் தேர்வு வாரியத்தின் (டிஆர்பி) அறிவிப்பு வந்தால் நம் ஆசிரியர்கள் தேர்வு எழுதத்தான் செய்வார்கள், எழுதட்டும். நம் போட்டி பக்கத்துத் தனியார் பள்ளிகளோடு. கிருமாம்பாக்கம், பாகூர் பக்கமிருந்து வரும் ஆசிரியைக்கு வடக்கே புதுச்சேரி போகும் பஸ்ஸில் ஏறினாலும் வேலை கிடைக்கும்.

போனஸைச் சீக்கிரம் தள்ளிவிட்டோம். ஆந்திராவின் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் மாணவர் முன்னேற்றத்தை அளந்து, ஆண்டுச் சம்பளத்தில் சுமார் 3 சதவீதம் போனஸ் கொடுத்துப் பார்த்த ஆய்வில் மதிப்பெண் கூடியது உண்மை. நம் ஊரில் போனஸ் என்றால் பத்தாம் வகுப்பு சென்டம்தான். ஏழாம் வகுப்பில் பின்னம் சொல்லிக் கொடுத்தவருக்கு அதில் ஒன்றும் இல்லை. சுமாராகப் படிக்கும் பையனை ஒன்பதாம் வகுப்போடு டிசி வாங்கச் சொல்லும் ஆசையும் தானாக வரும்.

ஆரம்பச் சம்பளத்தை உயர்த்தினால் விண்ணப்பங்கள் குவியும், மறுக்கவில்லை. சிக்கல் ஸ்டாஃப் ரூமில் தொடங்கும். எட்டு வருடமாக இருப்பவர் 16,500 வாங்குகிறார், ஜூனில் சேர்ந்தவர் 16,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். சம்பளம் பேங்கில் ஏறினாலும் ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போடும்போது அடுத்த வரிக்குக் கண் போகும். அன்று மதியமே எல்லோருக்கும் தெரிந்துவிடும். எட்டு வருட உழைப்புக்கு ஐந்நூறு ரூபாய்தானா என்று அவர் வாய்விட்டுக் கேட்க மாட்டார். அடுத்த மே மாதம் வேறு பள்ளியில் புது ஆளாகச் சேர்ந்து அந்தக் கூடுதல் சம்பளத்தை வாங்கிக்கொள்வார். வருபவருக்கு மட்டும் கூட்டுகிற பள்ளி, இருப்பவரைத் தானே வழியனுப்பி வைக்கிறது. போகிறவர் யார் என்பதையும் பாருங்கள்: எந்தப் பிள்ளைக்கு எங்கே இடறும் என்று தெரிந்தவர், ட்யூஷன் எடுக்கும் வீட்டுக்காரர்கள்கூட விசாரித்து வைத்திருக்கும் ஆள்.

அதனால் முதல் இரண்டு ஆண்டுகளுக்குச் சாதாரண இன்கிரிமென்ட். மூன்றாம் ஆண்டு, தலைமை ஆசிரியை வகுப்பில் உட்கார்ந்து பார்த்தபின், ஒரு பெரிய சம்பள உயர்வு. பிஎஃப், கிராஜுவிட்டி (பணிக்கொடை) இரண்டையும் சேரும் அன்றே தாளில் எழுதிக் கொடுக்கிறோம். பணிக்கொடைச் சட்டத்துக்குள் ஆசிரியர்களும் வருவார்கள் என்று 2009 திருத்தம் சொன்னதை 2022-இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்துவிட்டது. ஆனாலும் நேர்முகத்துக்கு வருகிறவர்களில் பலருக்கு இது தெரிவதில்லை. கடைசி அடிப்படைச் சம்பளம் 20,800 என்றால், மாதத்துக்கு 26 நாள் என்று வைத்து வருடத்துக்கு 15 நாள் சம்பளம் என்ற 15/26 கணக்கில், பத்து வருடத்துக்கு 1,20,000 ரூபாய். இதைப் போட்டுக் காட்டினால் முகம் மாறும். “அது சரி சார், பிடித்தம் போக கையில எவ்வளவு வரும்?” என்று உடனே கேட்கவும் செய்வார்கள். வாடகை கட்டுகிறவர் கேள்வி அது. இளம் ஆசிரியர்கள் சிலர் எங்களிடம் சேராமல் போவதும் இதனால்தான்.

எங்கள் முடிவுக்கு எதிரான சான்றும் உண்டு. இந்தோனேசியாவில் 2005 சட்டத்தின்படி சான்று பெற்ற ஆசிரியர்களின் அடிப்படைச் சம்பளத்தை இரட்டிப்பாக்கினார்கள். பிள்ளைகளின் படிப்பு அதனால் கூடவில்லை. தங்குகிற ஆசிரியரெல்லாம் நல்ல ஆசிரியர் ஆகிவிட மாட்டார் என்றுதான் மூன்றாம் ஆண்டுப் பார்வையை வைத்தோம். அது எவ்வளவு கறாராக நடக்கும் என்பது தலைமை ஆசிரியையின் மனத்திடத்தைப் பொறுத்தது.

பிளஸ் ஒன், பிளஸ் டூ இயற்பியலுக்கும் கணிதத்துக்கும் இந்த ஏற்பாடு எடுபடவில்லை. நீட், ஜேஇஇ நுழைவுத் தேர்வுக் கோச்சிங் சென்டர்கள் தரும் தொகைக்கு முன்னால் மூன்றாம் ஆண்டு உயர்வு பற்றிப் பேசிப் பயனில்லை. அந்த இரண்டு பாடங்களுக்கு மட்டும் ஆரம்பத்திலேயே கூட்டித்தான் கொடுக்கிறோம். அது மற்றவர்களுக்கும் தெரியும், முணுமுணுப்பும் இருக்கிறது.