ஹெட் கேஸ்கெட் போய்விட்டது என்று சொன்னால், சோதித்துக் காட்டச் சொல்லுங்கள்

பழைய கார் வைத்திருப்பவர்களும், செகண்ட் ஹேண்டில் வாங்கப் போகிறவர்களும் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். எஞ்சினின் மேல் பாகம்தான் ஹெட். அதற்கும் கீழே இருக்கும் பிளாக்குக்கும் நடுவில் கசியாமல் அடைக்கும் தகடு ஹெட் கேஸ்கெட். சேலத்தில் ஒரு வொர்க்‌ஷாப், செய்யாத ஹெட் வேலைக்கு என்னிடம் 31,000 ரூபாய் வாங்கியிருக்கிறது. புகார் நடந்துகொண்டிருப்பதால் கடையின் பெயரைப் போடவில்லை.

வண்டி 2010 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக். வாங்கிய கொஞ்ச நாளிலேயே ரிசர்வாயர் டப்பாவில் கூலன்ட், அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம், இறங்க ஆரம்பித்தது. நிறுத்தின இடத்தில் தரையில் ஒரு சொட்டு ஈரம் இருக்காது. ஒரு நாள் தருமபுரிக்குப் போகும்போது தொப்பூர் ஏற்றத்தில் டெம்பரேச்சர் முள் சிவப்புக்கே போய்விட்டது. ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து ஓரம் கட்டினேன். ஹீட்டர் என்பது டேஷ்போர்டுக்குள் இருக்கும் குட்டி ரேடியேட்டர்தான். எஞ்சின் சூட்டில் கொஞ்சத்தை அது வெளியே இழுக்கும். மூடியைத் தொடவில்லை. நீங்களும் தொடாதீர்கள். அழுத்தத்தில் இருக்கும் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கும், மூடியைத் திறந்த நொடியில் பொங்கி முகத்தில் அடிக்கும்.

வண்டியைக் கட்டி இழுத்து சேலம் கொண்டுவந்தோம். வொர்க்‌ஷாப்காரர் பானெட்டைத் திறந்து பார்த்தார். எந்தக் கருவியையும் கையில் எடுக்கவில்லை. "ஹெட் கேஸ்கெட் போயிடுச்சு சார். ஹெட்டை இறக்கி லேத்துல ஃபேசிங் போடணும். இப்படியே ஓட்டினா எஞ்சினே ஜாம் ஆயிடும்" என்றார். ஃபேசிங் என்றால் வளைந்த ஹெட்டின் அடிப்பரப்பைச் சீவிச் சமப்படுத்துவது. எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, இத்தனை வருட அனுபவம் என்று பதில். அம்மாவை வைத்துக்கொண்டு நடுவழியில் நின்றுவிட்டு வந்த யாரும் அந்த நேரத்தில் சரி என்றுதான் சொல்வார்கள். அந்தப் பயத்தைத்தான் இவர்கள் காசாக்குகிறார்கள்.

வண்டி திரும்பி வந்தபோது கையெழுத்தில் ஒரு பில். ஹெட் ஓவர்ஹால், கேஸ்கெட் செட், ஃபேசிங், லேபர். ஜிஎஸ்டி எண் இல்லை. பழைய கேஸ்கெட்டைக் கேட்டால், ஸ்கிராப்பில் போட்டுவிட்டோம் என்றார்கள்.

அதே வாரம் கூலன்ட் மறுபடி இறங்கியது. போய்க் கேட்டால், "புது கேஸ்கெட் செட் ஆகிற வரைக்கும் கொஞ்சம் குடிக்கும் சார்" என்று ஒரு விளக்கம். இது அப்பட்டமான பொய். சிஸ்டத்தைக் காலி செய்து நிரப்பினால் உள்ளே சிக்கிய காற்று வெளியேறும்போது மட்டம் ஒருமுறை இறங்கும், அவ்வளவுதான். டாப் அப் செய்தபின் அது நிற்க வேண்டும். தொடர்ந்து இறங்கினால் எங்கேயோ போகிறது என்றுதான் அர்த்தம்.

அப்புறம் ரேடியேட்டர் வேலை மட்டுமே செய்கிற ஒரு பெரியவரிடம் போனேன். வண்டி ஆறும்வரை அவர் கையே வைக்கவில்லை. ஆறியபின் ரேடியேட்டர் மூடி இருந்த இடத்தில் கேஜ் வைத்த ஒரு கைப்பம்பை மாட்டி, மூடியில் போட்டிருந்த அளவுக்கு அழுத்தம் ஏற்றினார். மூடியின் மேலேயே 0.9, 1.1 என்று எண் இருக்கும், பாருங்கள். கசிவு இல்லாத சிஸ்டத்தில் முள் அப்படியே நிற்க வேண்டும். எங்கள் வண்டியில் மெதுவாக இறங்கியது. டார்ச் அடித்துத் தேடினார். வாட்டர் பம்பின் அடியில், உள்ளே சீல் தேய்ந்தால் வெளியே காட்டிக்கொடுப்பதற்கென்றே ஒரு சின்ன ஓட்டை உண்டு. அதிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது, சுற்றிலும் காய்ந்துபோன பிங்க் நிறத் திட்டு. ஓடும்போது கசிகிற சொட்டு சூடான எஞ்சின் மேலேயே ஆவியாகிவிடுவதால்தான் தரையில் எதுவும் தெரியவில்லை. மூடியின் ஸ்பிரிங்கும் தளர்ந்திருந்தது. அழுத்தம் நிற்காவிட்டால் கூலன்ட் சீக்கிரமே கொதித்துவிடும், ஏற்றத்தில் முள் எகிறியதற்கு அதுவும் ஒரு காரணம். வாட்டர் பம்ப், பெல்ட், மூடி, புதுக் கூலன்ட், கூலி எல்லாம் சேர்த்து 5,400 ரூபாய். இப்போது மட்டம் அசையவே இல்லை.

ஹெட் வேலை செய்த வண்டி என்று சொன்னதும் அவர் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு நட்டுகளில் துரு அப்படியே இருந்தது. ஸ்பேனர் பட்ட தடமே இல்லை. வால்வ் கவர் கேஸ்கெட் பழையது, கல்லாக இறுகிக் கிடந்தது. ஹெட்டை இறக்கிய வண்டியில் இவை இப்படி இருக்க வாய்ப்பே இல்லை. எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன்.

ஹெட் கேஸ்கெட் நிஜமாகவே போகும், அதுவும் ஒருமுறை நன்றாகச் சூடேறிய வண்டியில். அலுமினிய ஹெட் வளைந்துவிடும். ஆனால் அதைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. காலையில் குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்த உடனேயே மேல் ஹோஸ் கல் மாதிரி இறுகுகிறதா, ரிசர்வாயரில் குமிழ் விடாமல் வருகிறதா, எஞ்சின் சூடேறிய பிறகும் சைலன்சரில் வெள்ளைப் புகை நிற்காமல் வருகிறதா, டிப்ஸ்டிக்கில் ஆயில் பால் கலந்த டீ நிறத்தில் இருக்கிறதா என்று நீங்களே பார்க்கலாம். சந்தேகம் இருந்தால் நீலத் திரவம் வைத்து ஒரு சோதனை உண்டு. ரேடியேட்டர் வாயில் வரும் காற்றை அந்தத் திரவம் வழியாக இழுப்பார்கள். எரிந்த வாயு கலந்திருந்தால் பெட்ரோல் வண்டியில் மஞ்சளாக மாறும். சிலிண்டருக்குள் அழுத்தத்தை அளந்து பார்க்கும் கம்ப்ரஷன் டெஸ்டும் இருக்கிறது. பெரியவர் இவற்றையும் செய்து பார்த்தார், கேஸ்கெட் நன்றாகவே இருக்கிறது. இதில் ஒன்றைக்கூடச் செய்யாமல் ஹெட்டைத் திறக்கலாம் என்று சொல்கிற கடையில் வண்டியை விடாதீர்கள்.

வண்டியை விற்ற டீலர் செய்த வேலையும் அன்றுதான் தெரிந்தது. எஞ்சின் சூடேறும்வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் அடைத்து வைக்கிற வால்வ்தான் தெர்மோஸ்டாட். அது இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. ரேடியேட்டர் ஃபேனை டைரக்டாக இணைத்திருந்தார்கள். சாவியைத் திருப்பினாலே ஓடும். இரண்டையும் செய்தால், ஊருக்குள் சும்மா ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்பவருக்கு முள் ஏறவே ஏறாது. உள்ளே கூலன்ட் பேருக்குத்தான் இருந்தது, மீதி போர் தண்ணீர், அடியில் துருச்சேறு. அந்த உப்புத் தண்ணீர்தான் பம்பின் சீலையும் தின்றிருக்க வேண்டும்.

வாங்கப் போகும்போது எஞ்சின் குளிர்ந்திருக்கும் நேரத்தில் போங்கள். முன்பே சூடேற்றி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லுங்கள். ஏசி போடாமல் ஐடிலில் விட்டு, ஃபேன் தானாக ஓடி, தானாக நின்று, மறுபடி ஓடும்வரை காத்திருங்கள். ரேடியேட்டருக்குப் போகும் மேல் ஹோஸ் முதலில் குளிர்ந்தே இருந்து, தெர்மோஸ்டாட் திறக்கும்போது சட்டென்று சூடாக வேண்டும். ஆரம்பத்திலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகச் சூடானால் உள்ளே தெர்மோஸ்டாட் இல்லை என்று சந்தேகப்படலாம்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவு செய்துவிட்டேன். வொர்க்‌ஷாப்புக்கு எழுத்தில் நோட்டீஸும் அனுப்பியாயிற்று. அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் அங்கே கட்டணம் கிடையாது, பிரச்சினை எழுந்து 2 வருடத்துக்குள் போக வேண்டும். பெரியவர் தான் பார்த்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார். வொர்க்‌ஷாப்பில் இருந்து இதுவரை வந்தது ஒரு போன் மட்டும்தான்: பாதிப் பணம் தருகிறோம், புகாரைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள் என்று. முழுப் பணத்தையும் கேட்டிருக்கிறேன்.