அண்ணனை நேர்க்கோட்டில் நடக்கவைத்த டாக்டர்

மூன்று வாரம் லீவு போட்டு லண்டனிலிருந்து விழுப்புரம் பக்கம் எங்கள் ஊருக்குப் போயிருந்தேன். குலதெய்வம், சித்தப்பா மகள் கல்யாணம் என்று போட்டிருந்த திட்டமெல்லாம் போய், லீவில் பாதி ஆஸ்பத்திரி வரிசையிலேயே கழிந்தது.

போன இரண்டாம் நாள் காலையில்தான் கவனித்தேன். அண்ணன் பேன்ட் மாட்டக் கட்டிலில் உட்கார்ந்தார். ஒற்றைக் காலில் நின்று, வாயில் பிரஷ்ஷோடு, அண்ணியிடம் சண்டையும் போட்டுக்கொண்டே மாட்டுகிற ஆள் அவர். வயது 41. மாடிப்படி இறங்கும்போதும் சுவரில் ஒரு கை. கேட்டால் "முட்டி வலிடா" என்றார். ஆறு மாதமாக வண்டியையே தொடுவதில்லை, கடைக்கு பஸ்ஸில்தான் போகிறார் என்று அண்ணி தனியாகச் சொன்னார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது, அப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. ஒரு சொட்டு குடிக்காத மனிதர், ஆனால் அவர் நடையைப் பார்த்து ஊரே குடிகாரர் என்றது. நரம்புத் தளர்ச்சி என்று டானிக் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள், 54 வயதில் பேச்சும் போய், விழுங்கவும் முடியாமல் போய்ச் சேர்ந்தார்.

முதலில் பக்கத்து டவுனில் ஒரு தனியார் மருத்துவமனை. ஏசி, காபி, டோக்கன் எல்லாம் ஜோர். உட்கார்ந்த ஐந்து நிமிடத்தில் எம்ஆர்ஐ எழுதிவிட்டார்கள், படம் நார்மல் என்று வந்தது, பி12 ஊசி போட்டு அனுப்பினார்கள். அண்ணனை நாற்காலியிலிருந்து எழச் சொல்லக்கூட இல்லை. அப்பா கதையைச் சொல்ல வாயெடுத்தேன், கேட்க நேரமில்லை. வெளியே லேப் ஆள் ஒருவர் பிடித்துக்கொண்டு, குடும்பம் மொத்தத்துக்கும் ஜீன் டெஸ்ட் பேக்கேஜ் இருக்கிறது, சின்னப் பசங்களுக்குத் தள்ளுபடி என்றார்! அக்கா பையனுக்கு வயது பன்னிரண்டு.

அப்புறம்தான் பெங்களூரு நிம்ஹான்ஸ் (மனநலம், மூளை, நரம்பு நோய்களுக்கான மத்திய அரசு மருத்துவமனை) கிளம்பினோம். விடியற்காலையிலேயே வரிசை, பாதிக்கு மேல் நம் ஊர்க்காரர்கள், மத்தியானம் வரை காத்திருந்தோம், முதுகு ஒடிந்துவிட்டது. ஆனால் பார்த்த இளம் டாக்டர் (கொஞ்சம் தமிழ் பேசினார்) முதலில் கேட்டதே அப்பாவைப் பற்றித்தான். அப்புறம் அண்ணனை வராந்தாவுக்குக் கூட்டிப்போய், குதிகாலை மற்ற காலின் விரல் நுனியில் ஒட்டி ஒட்டி வைத்து நேர்க்கோட்டில் நடங்கள் என்றார். நாலாவது அடியில் அண்ணன் சாய்ந்துவிட்டார். அதற்கப்புறம் உள்ளங்கையைத் தொடையில் வேகமாகத் திருப்பித் திருப்பித் தட்டச் சொன்னார், ஒரு காலின் குதிகாலால் மற்ற காலின் முழங்காலிலிருந்து கீழே கோடு இழுக்கச் சொன்னார், தன் விரலைத் துரத்தித் தொடச் சொன்னார். நடை, கை கால் தடுமாற்றத்தை அளக்க ‘சாரா’ என்று ஒரு அளவுகோல், 2006இல் வந்தது, எட்டு சோதனை, மொத்தம் 40 மதிப்பெண், கூடக் கூட மோசம். அண்ணனுக்கு ஆறரை. தொடக்கத்தில் ஸ்கேன் நார்மலாகவே இருக்கலாம், நடைதான் முதலில் காட்டிக்கொடுக்கும் என்றார். இந்தச் சோதனைக்கு ஆன செலவு ஒரு வராந்தா.

எஸ்சிஏ 1 (ஸ்பைனோசெரிபெல்லர் அடாக்சியா, நடையும் பேலன்ஸும் தடுமாறும் ஒரு பரம்பரை நோய்) ஆக இருக்கலாம் என்றார், தமிழ்நாட்டுக் குடும்பங்களில் அதிகம் பார்க்கிற வகையாம். ஆறாவது குரோமோசோமில் ஏடிஎக்ஸ்என்1 என்ற ஜீனில் ‘சிஏஜி’ என்ற மூன்றெழுத்து திரும்பத் திரும்ப வந்து, அளவுக்கு மேல் நீண்டுவிடுகிறது, பேலன்ஸைப் பார்த்துக்கொள்ளும் சிறுமூளை மெதுவாகத் தேய்கிறது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அப்பா வழியாக வரும்போது அது இன்னும் நீண்டு, முன்னதாகவே தலைகாட்டக்கூடும். அண்ணனுக்கு ரத்தம் எடுப்பதற்கு முன் கவுன்சலிங்குக்கு உட்காரவைத்து முக்கால் மணி நேரம் பேசினார்கள். அறிகுறி இல்லாத குழந்தைகளுக்கு டெஸ்ட் கூடாது, பதினெட்டு வயதுக்கு மேல் அவர்களே முடிவெடுக்கட்டும் என்று அக்காவிடம் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். அந்த லேப் ஆளை நினைத்தால் இப்போதும் எரிகிறது.

குணமாக்கும் மருந்து கிடையாது, சுற்றி வளைக்காமல் சொன்னார்கள். பேலன்ஸுக்குப் பிசியோதெரபி தினமும் செய்தால் நடை கொஞ்ச காலம் தாங்கும். வீட்டுக்கு வந்ததும் குளியலறையில் கைப்பிடி அடித்தோம், படிக்கட்டுக்கும் ஒன்று. அண்ணனுக்கு ஒரு விஷயத்தில் மட்டும் நிம்மதி, டாக்டர் எழுதிய சீட்டை மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டார், யாராவது குடித்திருக்கிறாயா என்று கேட்டால் காட்டவாம்.

அந்தக் கவுன்சலர் என்னையும் கேட்டார், நீங்கள் டெஸ்ட் எடுக்கிறீர்களா என்று. யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன், பேன்ட் மட்டும் தினமும் நின்றுகொண்டே போடுகிறேன்.