மருத்துவக் கல்லூரி மருத்துவமனை கேஷுவாலிட்டி: அம்மாவுக்குப் பக்கவாதம் வந்த திங்கட்கிழமை

எங்கள் மாவட்டத்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவைப் பற்றி எழுதுகிறேன். ஊர் பெயர் சொல்லவில்லை. குறையும் சொல்ல வேண்டியிருக்கிறது, அது அங்கே ராத்திரி பகலாக நிற்கிறவர்கள் தலையில் போய் விழக்கூடாது. நான் டவுன் பஸ் நடத்துநர். நேரம் குறித்துப் பழகிய கை என்பதால் அன்றைக்கும் குறித்து வைத்தேன்.

காலை 5.40-க்குப் பால்கார அக்காவிடம் அம்மா நன்றாகத்தான் பேசியிருக்கிறார். 6.05-க்கு நான் வெளியே வந்தபோது பாதிக் கோலத்தோடு வாசற்படியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வலது கை தூக்க வரவில்லை, வாய் கோணியிருந்தது, பேச்சு குழறியது. பக்கத்து வீட்டுப் பெரியம்மா காபி கொண்டுவந்தார். கொடுக்க வேண்டாம் என்று தடுத்தேன். விழுங்க முடியாத நேரத்தில் கொடுத்தால் நுரையீரலுக்குள் போய்விடும்.

108 வர 18 நிமிடம் ஆனது. வண்டியில் இருந்த தம்பி அம்மாவைச் சிரிக்கச் சொன்னார், இரண்டு கையையும் தூக்கச் சொன்னார். "தாலுகா ஆஸ்பத்திரியில் சி.டி. ஸ்கேன் இல்லை சார், நேரா காலேஜுக்கே போயிடுவோம்" என்றவர், போகும் வழியிலேயே போன் போட்டுச் சொல்லிவிட்டார். 2008-இல் 108 வருவதற்கு முன்னால் இப்படி இழுத்துக்கொண்டவர்களை முதல் பஸ்ஸில் தூக்கி ஏற்றி வருவார்கள். என் பஸ்ஸிலேயே வந்திருக்கிறார்கள். அந்த முகங்கள்தான் வழியெல்லாம் நினைவுக்கு வந்தன.

7.10-க்கு உள்ளே நுழைந்தோம். வாசலிலேயே ஒரு சிஸ்டர் பார்த்துவிட்டுச் சிவப்புப் பகுதிக்கு அனுப்பினார். உயிருக்கு ஆபத்தானவர்களுக்குச் சிவப்பு, கொஞ்சம் பொறுக்கலாம் என்பவர்களுக்கு மஞ்சள், மற்றவர்களுக்குப் பச்சை. ஓ.பி. சீட்டு அப்புறம் போட்டுக்கொள்ளலாம் என்றார்கள். முதலில் விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தார்கள். சர்க்கரை ரொம்ப இறங்கினாலும் பக்கவாதம் மாதிரியே தெரியுமாம். பிரஷர் 200-க்கு மேல் இருந்தது. அதை 185-க்குக் கீழே கொண்டுவந்தால்தான் மூளை ரத்தக்குழாய் அடைப்பைக் கரைக்கிற ஊசி போட முடியும் என்று அதற்கு மருந்து ஏற்றினார்கள்.

"கடைசியா எப்போ நல்லா இருந்தாங்க?" இந்தக் கேள்வியை நான்கு பேர் கேட்டார்கள். மூன்றாவது ஆளிடம் எரிந்து விழுந்தேன். ஹவுஸ் சர்ஜன் (பயிற்சி டாக்டர்) பெண், என் மகள் வயதுதான் இருக்கும், கோபப்படவில்லை. "அண்ணா, அடைப்பைக் கரைக்கிற ஊசியை நாலரை மணி நேரத்துக்குள்ளதான் போட முடியும். நீங்க பார்த்த நேரத்திலிருந்து கணக்கு இல்லை, அவங்க கடைசியா நல்லா இருந்த நேரத்திலிருந்து" என்று விளக்கினார். பால்கார அக்கா சொன்ன 5.40 எவ்வளவு பெரிய விஷயம் என்று அப்போதுதான் புரிந்தது.

அடுத்து எடை கேட்டார்கள். மருந்தின் அளவே எடையைப் பொறுத்ததாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரஷர் மாத்திரைக்குக் கொடுத்த நோட்டை நல்லவேளையாக எடுத்து வந்திருந்தேன். போன மாதம் 58 கிலோ என்று எழுதியிருந்தது.

இதுவரை ஒரு குறையும் இல்லை. இனிமேல்தான்.

7.22-க்கு ஸ்கேனுக்கு எழுதிவிட்டார்கள். ஸ்ட்ரெச்சர் தள்ள ஆள் இல்லை. ஷிப்ட் மாறும் நேரம். ராத்திரி ஆட்கள் கிளம்பிவிட்டார்கள், பகல் ஆட்கள் வந்து சேரவில்லை. இருந்த ஒருவர் பணம் கேட்டார். கொடுக்கிறேன் என்ற பிறகும் இன்னொரு நோயாளியை விட்டுவிட்டு வருகிறேன் என்று போனவர் திரும்பவில்லை. கடைசியில் 7.36-க்கு நானும் மச்சானும் தள்ளினோம். சாய்தளத்தில் உடைந்த டைல்ஸில் சக்கரம் மாட்டி அம்மாவின் தலை கம்பியில் இடித்தது. 14 நிமிடம் போய்விட்டது. பெரிய ரத்தக்குழாய் அடைபட்டால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என்று பின்னால் தெரிந்துகொண்டேன். அந்தப் 14 நிமிடத்தை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை.

ஸ்கேனில் ரத்தக்கசிவு இல்லை. இந்த ஊசி போட்டால் நூறு பேரில் ஐந்தாறு பேருக்கு மூளையில் ரத்தம் கசியலாம் என்பதை மறைக்காமல் சொல்லித்தான் கையெழுத்து வாங்கினார்கள். 8.20-க்கு மருந்து போட்டார்கள். பத்தில் ஒரு பங்கு முதலில் ஊசியாக, மீதி ஒரு மணி நேரம் சொட்டாக ஏறியது. வாசலுக்கு வந்ததிலிருந்து 70 நிமிடம். 60 நிமிடத்துக்குள் போடுவதுதான் இலக்கு. தள்ள ஆளில்லாமல் போன அந்தப் 14 நிமிடம் இல்லையென்றால் எட்டியிருப்பார்கள். தனியாரில் பல ஆயிரம் ரூபாய் ஆகும் மருந்துக்கு இங்கே ஒரு பைசா வாங்கவில்லை.

அப்புறம் எங்களை வெளியே நிற்கச் சொன்னார்கள். உட்கார நாற்காலி இல்லை. இரண்டு மணி நேரம் அம்மா இருக்கிறாரா இல்லையா என்றுகூடத் தெரியவில்லை. அதற்குள் ஒரு வேன் விபத்து வந்து உள்ளே ஒரே கூட்டம். ஒருவருடைய உறவினர் செக்யூரிட்டியின் சட்டையைப் பிடித்துவிட்டார். அது தப்புதான். ஆனால் வாசலில் ஒருவர் வந்து நின்று இன்னாருக்கு இன்னது நடக்கிறது என்று அரை மணிக்கு ஒரு தடவை சொல்லியிருந்தால் அந்தக் கை ஓங்கியிருக்காது என்று நினைக்கிறேன். உள்ளே இருந்த சிஸ்டர்களையும் குறை சொல்ல முடியாது. சிவப்புப் பகுதி முழுக்க இரண்டே பேர் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாம் நாள் அம்மா வலது கையைத் தோள் வரை தூக்கினார். பேச்சு இன்னும் மெதுவாகத்தான் வருகிறது. இன்னொரு தடவை இப்படி ஏதாவது என்றால் யோசிக்காமல் அங்கேதான் போவேன். நீங்களும் போங்கள். மாத்திரை நோட்டு, கடைசியாக நன்றாக இருந்த நேரம், தள்ளுவதற்குத் தெம்பான இரண்டு பேர், இந்த மூன்றும் கையில் இருக்கட்டும்.

காலை ஷிப்ட் மாறும்போது ஸ்கேனுக்குத் தள்ள நிரந்தரமாக ஒரு ஆள், வாசலில் தகவல் சொல்ல ஒரு ஆள், அந்த டைல்ஸ் என்று மூன்றையும் எழுதி ஆர்.எம்.ஓ.விடம் (மருத்துவமனையின் நிலைய மருத்துவ அலுவலர்) கொடுத்தேன். உட்காரவைத்து முழுக்கப் படித்தார். போன வியாழக்கிழமை பிசியோதெரபிக்குப் போனபோது டைல்ஸ் மாற்றியிருந்தார்கள். தள்ள இன்னும் ஆள் போடவில்லை.