டிராயிங் மாறினால் மேனுவலும் மாறுமா?

கஞ்சிக்கோட்டில் அரிசி ஆலை இயந்திரங்கள் செய்யும் ஒரு சிறிய கம்பெனியில் மேனுவல் தயாரிப்பது என் வேலை. எட்டிமடையிலிருந்து வாளையார் தாண்டித் தினமும் போய்வருகிறேன். நெல்லின் உமியை நீக்கும் எங்கள் ரப்பர் ரோல் ஷெல்லர் காலடிக்குப் போனால் மலையாளத்தில் புத்தகம் வேண்டும், காங்கேயத்துக்குப் போனால் தமிழில். இரண்டுக்கும் டிராயிங் ஒன்றுதான். வில்லங்கமே அங்கேதான்.

சில வருடங்களுக்கு முன் காங்கேயத்திலிருந்து ஒரு ஃபிட்டர் போன் செய்தார். "ஏனுங்க, புக்குல இருக்கற நம்பரைச் சொல்லித்தான் பேரிங் வாங்கிட்டு வந்தேன். ஷாஃப்ட்டுல சரியா ஏறுது, ஹவுசிங்குல தொளதொளன்னு நிக்குதுங்க." புத்தகத்தில் இருந்தது 6206. டிசைனில் அதை எப்போதோ 6306 ஆக்கியிருந்தார்கள். இரண்டுக்கும் உள்விட்டம் 30 மி.மீ.; வெளிவிட்டம் மட்டும் ஒன்றுக்கு 62, இன்னொன்றுக்கு 72. மலையாளப் புத்தகத்தில் ஒழுங்காகத் திருத்தியிருந்தேன். தமிழில் படத்தை மாற்றிவிட்டு, ஸ்பேர் பட்டியலை விட்டுவிட்டேன். தப்பு என்னுடையதுதான். ஆனால் ஒரே எண்ணை நான்கு இடத்தில் கையால் திருத்த வேண்டிய ஏற்பாட்டில் இது இன்றில்லாவிட்டால் நாளை நடக்கும்.

அதற்குப் பிறகு எந்த மென்பொருளைப் பார்த்தாலும் எனக்கு ஒரே கேள்விதான்: ஒரு பேரிங்கை மாற்றினால் எத்தனை இடத்தில் நான் கை வைக்க வேண்டும்?

அப்போது கையில் இருந்தது மைக்ரோசாஃப்ட் வேர்டு. அதைத் திட்ட எனக்கு மனசில்லை. முப்பது நாற்பது பக்க மேனுவலுக்கு அது தாராளமாகப் போதும், ஆபீசில் யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. தமிழும் மலையாளமும் எழுத்து உடையாமல் வரும். பிரச்சினை படத்தில். டிராயிங் வரையும் ஆட்டோகேடிலிருந்து வெட்டி ஒட்டினால் கோப்பு யானை மாதிரி வீங்கும். படமாக மாற்றி ஒட்டினால், சேமிக்கும்போது வேர்டு தன் பாட்டுக்கு அதைச் சுருக்கிவிடும். மெல்லிய கோடுகள் மங்கிப்போகும். இதைத் தடுக்க ஆப்ஷன்ஸில் ஒரு டிக் இருக்கிறது, பலருக்குத் தெரியாது. படத்தை ஒட்டாமல் லிங்க் ஆகச் செருகலாம், அதுதான் சரியான வழியும். ஆனால் யாராவது ஃபோல்டரை நகர்த்தினாலோ சர்வர் டிரைவின் எழுத்து மாறினாலோ எல்லாப் படமும் ஒரேயடியாகக் காணாமல் போகும். பெரிய புத்தகத்தைப் பல கோப்பாகப் பிரிக்க உதவும் மாஸ்டர் டாக்குமென்ட் வசதியை நம்பிக் கெட்டவர்கள் நிறையப் பேர், நானும் சேர்த்து. அந்த ஒரு விஷயத்தில் லிப்ரெஆபிஸ் ரைட்டர் மேல். அதன் மாஸ்டர் டாக்குமென்ட் சொன்ன சொல் கேட்கிறது, காசும் கிடையாது. ஆனால் படம் விஷயத்தில் வேர்டைவிடப் பெரிதாக எதையும் தரவில்லை.

அடுத்து இன்டிசைன், அடோபியின் பக்க வடிவமைப்பு மென்பொருள். பார்க்க அழகான புத்தகம் வேண்டுமென்றால் இதுதான். பிடிஎஃப் டிராயிங்கை அப்படியே லிங்க் செய்து வைக்கலாம். டிராயிங் மாறினால் லிங்க்ஸ் பேனலில் மஞ்சள் முக்கோணம் காட்டும், புதுப்பித்துக்கொள்ளலாம். ஆட்டோகேடின் டிடபிள்யூஜி கோப்பை மட்டும் நேராக ஏற்காது. தமிழுக்கும் மலையாளத்துக்கும் 'வேர்ல்ட் ரெடி கம்போசர்' என்பதைப் பத்தி அமைப்பிலேயே தேர்ந்தெடுத்துவிட வேண்டும். மறந்தால் 'கொ' உடைந்து கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமுமாக அலையும். ஆனால் ஸ்பேர் பட்டியலில் கோட்டை விடுகிறது. எக்செல் அட்டவணையை லிங்க் செய்யலாம்தான். புதுப்பிக்கும்போது நாம் போட்ட அழகெல்லாம் போய் அட்டவணை அம்மணமாக நிற்கும். 200 வரிப் பட்டியலை ஒவ்வொரு ரிவிஷனுக்கும் மறுபடி அலங்கரிக்க எனக்குப் பொறுமை இல்லை.

ஃபிரேம்மேக்கர் இந்த வேலைக்காகவே பிறந்தது. 1995-ல் ஃபிரேம் டெக்னாலஜியை அடோபி வாங்கியதிலிருந்து அடோபி வீட்டுப் பிள்ளை. ஆயிரம் பக்கமானாலும் மூச்சு வாங்காது. அத்தியாயம் ஒவ்வொன்றும் தனிக் கோப்பு, மேலே ஒரு புக் கோப்பு. படங்கள் வெளியே இருந்தபடியே உள்ளே தெரியும். இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது கண்டிஷனல் டெக்ஸ்ட். பெல்ட் டிரைவ் மாடலுக்கு ஒரு பத்தி, கியர் மோட்டார் மாடலுக்கு ஒரு பத்தி என்று ஒரே கோப்பில் எழுதிவைத்து, வேண்டியதை மட்டும் காட்டி அச்சடிக்கலாம். இன்டிசைனிலும் இது உண்டு, ஆனால் ஃபிரேம்மேக்கரில் அது ரத்தத்தில் ஊறியது. விஷயத்தைச் சிறு சிறு துண்டாக எழுதி வேண்டிய புத்தகத்தில் சேர்க்கும், 2005-ல் ஓயாசிஸ் என்ற அமைப்பின் தரமாக வந்த டிட்டா முறையில் எழுதுவதென்றாலும் அதற்குள்ளேயே இருந்து செய்யலாம்.

ஐரோப்பாவுக்கு இயந்திரம் அனுப்பும் கம்பெனியாக இருந்தால் நான் இதைத்தான் சொல்வேன். அங்கே 2006/42 இயந்திரச் சட்டப்படி, இயந்திரம் எந்த நாட்டுக்குப் போகிறதோ அந்த நாட்டு மொழியில் மேனுவல் கொடுத்தாக வேண்டும். 2027 ஜனவரி 20 முதல் நடைமுறைக்கு வரும் 2023/1230 விதி, மேனுவலை டிஜிட்டலாகக் கொடுக்க அனுமதிக்கிறது. வாங்குபவர் வாங்கும்போதே கேட்டால் காகிதத்திலும் தர வேண்டும். இப்படிப் பல மொழி, பல வடிவம் என்று போகிறவர்களுக்குச் சந்தாக் காசு வீண் போகாது. எங்களைப் போல ஐந்தாறு மாடல் வைத்திருக்கும் கம்பெனிக்கு அது கோழிக்குஞ்சை ஏற்ற லாரி பிடித்த கதை. வாங்குவதாக இருந்தால், முதலில் இலவசச் சோதனைப் பதிப்பில் உங்கள் சொந்தத் தமிழ்ப் பக்கம் ஒன்றையும் மலையாளப் பக்கம் ஒன்றையும் போட்டு, பிடிஎஃப் எடுத்து, அதில் ஒரு சொல்லைத் தேடிப் பாருங்கள். விற்பவர் காட்டும் ஆங்கில மாதிரியை நம்பி வாங்காதீர்கள்.

கடைசியாக லேடெக். கட்டளைகளோடு வெறும் எழுத்தாக எழுதி ஓட்டினால் பிடிஎஃப் புத்தகமாகத் தரும் மென்பொருள். இது கணக்கு வாத்தியார்களின் சொத்து என்றுதான் நானும் நினைத்திருந்தேன். கேரளத்தில் இதற்கு ஆள் பஞ்சம் இல்லை. லேடெக்குக்கு அடிப்படையான டெக் மென்பொருளின் பயனர்கள் 2002-ல் கூடிய உலக மாநாடு நடந்ததே திருவனந்தபுரத்தில்தான். காசு கிடையாது. ஜிலேடெக் என்ற வடிவில் யூனிகோட் தமிழும் மலையாளமும் எழுத்துரு பெயரைச் சொன்னாலே வந்துவிடும். நான் தமிழுக்கு வைத்திருப்பது மீரா இனிமை. அதைச் செய்ததும் மலையாள மென்பொருள் ஆர்வலர் கூட்டமான ஸ்வதந்த்ர மலையாளம் கம்ப்யூட்டிங் என்பதில் எனக்கு ஒரு சின்ன சந்தோஷம்.

என் கேள்விக்கு நேரான பதில் கிடைத்ததும் இங்கேதான். டிராயிங்கை அதே பெயரில் பிடிஎஃப்பாக மேலெழுதினால் போதும், அடுத்த முறை ஓட்டும்போது புதுப்படம் வந்துவிடும், கோடு கோடாகவே இருக்கும். பார்ட் எண்கள் 3டி டிசைன் மென்பொருளான சாலிட்வொர்க்ஸிலிருந்து எடுத்த ஒரே சிஎஸ்வி கோப்பில், அதாவது வெறும் எழுத்தாலான அட்டவணையில், இருக்கின்றன. தமிழ்ப் புத்தகமும் மலையாளப் புத்தகமும் அதைத்தான் படிக்கின்றன. 6206-ஐ 6306 ஆக்குவது இப்போது டிசைன் செய்பவர் வேலை, என் வேலை இல்லை.

இதற்குக் கொடுத்த விலையையும் சொல்லிவிடுகிறேன். முதல் புத்தகத்துக்கு இரண்டு மாதம் ஆனது. ஒரு அடைப்புக்குறி விட்டுப்போனால் நாற்பது வரி தள்ளி வேறெங்கோ பிழை காட்டும். அட்டவணையின் ஒல்லியான கட்டத்தில் நீளத் தமிழ்ச் சொல் கட்டம் தாண்டி வழியும். 'உயவெண்ணெய்' என்று தூய தமிழில் எழுதி ஒரு நாள் அல்லாடிவிட்டு 'ஆயில்' என்றே போட்டேன். ஃபிட்டருக்கும் அதுதான் புரியும். எல்லாவற்றையும்விட, நான் ஒரு வாரம் லீவு போட்டால் ஆபீசில் அதைத் தொட ஆள் இல்லை. ஆர்வமாக உட்கார ஒரு ஆளாவது இல்லாத இடத்தில் லேடெக்கைக் கொண்டுபோய் வைக்காதீர்கள்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் தீராத ஒன்று, தாளின் அளவு. ஏ3 டிராயிங்கை ஏ4-க்குச் சுருக்கினால் எல்லாம் 71 சதவீதமாகிறது; 2.5 மி.மீ. எழுத்து 1.8 மி.மீ. ஆகும், கண்ணைச் சுருக்கிப் படித்துவிடலாம். ஏ1 டிராயிங்கை அப்படிச் செய்தால் 35 சதவீதம், எழுத்து 0.9 மி.மீ. கூட வராது. அதை எந்த மென்பொருளும் காப்பாற்றாது. மேனுவலுக்கென்று தனியாக எக்ஸ்ப்ளோடட் வியூ, அதாவது பாகங்களைப் பிரித்துப் பரப்பிக் காட்டும் படம், வரையத்தான் வேண்டும். 3டி மாடல் இருந்தால் சாலிட்வொர்க்ஸ் கம்போசர் இதைச் சுலபமாகச் செய்கிறது. இன்னொன்று, ஆட்டோகேடின் எஸ்எச்எக்ஸ் எழுத்துருவில் எழுதிய பார்ட் எண் பிடிஎஃப்பில் வெறும் கோடுகளாகத்தான் போகும். டிராயிங் அறையில் இருக்கும் சேட்டனிடம் கெஞ்சி சாதாரண ட்ரூடைப் எழுத்துருவுக்கு மாற்ற வைத்தேன். இப்போது போனில் பிடிஎஃப் திறந்து எண்ணைத் தேடினால் படத்திலேயே போய் நிற்கிறது.

இன்ஸ்டலேஷன் தாள் மட்டும் இன்னும் வேர்டில்தான். சர்வீஸ் பையன்கள் ஆலையில் நின்றபடியே அதைத் திருத்துவார்கள், அவர்களை லேடெக் கற்கச் சொன்னால் அடிக்க வருவார்கள். ஷெல்லரின் எக்ஸ்ப்ளோடட் வியூவை ஏ3-யில் அச்சடித்து லேமினேட் செய்து, பேனல் கதவின் உள்பக்கம் ஒட்டி அனுப்புகிறோம். தவிட்டுத் தூசி படிந்தாலும் துடைத்தால் தெரியும். அதன் மூலையில் ரிவிஷன் எண்ணை இரண்டு விரல் உயரத்தில் போட்டிருக்கிறேன். காங்கேயத்திலிருந்து போன் வந்தால் நான் முதலில் கேட்பது அதைத்தான்.